16 வயசுப் பொண்ணு, ஃபாஸ்டர் கேர்ல எங்க வீட்டுல இருக்கா. 18-க்குள்ள என்னென்ன பழக்கணும்?

கன்னங்குறிச்சி_அம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரரும் கன்னங்குறிச்சியில இருக்கோம். பையன் வேலைக்கு வெளியூர் போன பிறகு, குழந்தைகள் நலக்குழு மூலமா ஒரு பொண்ணை வளர்ப்புப் பராமரிப்புக்கு எடுத்திருக்கோம். தத்து இல்லைங்க. அவ அம்மா உயிரோட இருக்காங்க, பார்த்துக்கிற நிலைமையில இல்ல. சின்ன வயசுலயே குழந்தைகள் இல்லத்துல சேர்ந்து, அங்கிருந்து எங்ககிட்ட வந்தவ. இப்ப பிளஸ் ஒன், அரசுப் பள்ளி.

"பதினெட்டு முடிஞ்சா நான் எங்க போகணும்?"னு போன வாரம் கேட்டா. அழுகை கிழுகை எதுவும் இல்ல, சாதாரணமா கேட்டா. நீ எங்கயும் போக வேண்டாம்னு சொன்னோம். ஆனா அவ படிக்கவோ வேலைக்கோ ஒரு நாள் வெளிய போகத்தானே போறா? அதுக்கு எப்படித் தயார் பண்றதுன்னுதான் கேக்கறேன்.

துணி மடிக்கிறது, விடிகாலையில எழுந்திரிக்கிறது எல்லாம் என்னைவிட நல்லாப் பண்றா. இல்லத்துல முறை வெச்சு சமைச்சதால அறுபது பேருக்குச் சாம்பார் வைப்பா. மூணு பேருக்கு எவ்வளவு அரிசின்னு கேட்டா முழிக்கிறா. ஃப்ரிட்ஜைத் திறக்க, ஃபேன் போட, இன்னும் "போடட்டுமா ஆன்ட்டி"ன்னு கேட்டுட்டுத்தான் போடறா. தக்காளி கிலோ என்ன விலைன்னு தெரியாது. இதுவரைக்கும் ஒரு சாவிகூட அவ கையில இருந்ததில்ல.

அவளோட தனிநபர் பராமரிப்புத் திட்டப் படிவத்துல "தனித்து வாழும் திறன்"னு ஒரு இடம் இருக்கு. அதுல "தையல், சமையல்"னு எழுதி முடிச்சிருக்காங்க. அவ்வளவுதானா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

நெறியாளர் எழுதியது:

அம்மா, உங்கள் பதிவில் பள்ளியின் பெயரும் இல்லத்தின் பெயரும் இருந்தன, நீக்கிவிட்டேன். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74-இன்படி பராமரிப்பில் உள்ள குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. பதில் எழுதுபவர்களும் கவனிக்கவும். இழை திறந்தே இருக்கும்.

கொலுசுக்கடை எழுதியது:

அக்கா, முதல்ல உங்களுக்கு ஒரு கும்பிடு.

நான் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறை வெச்சிருக்கேன். இல்லத்துல வளர்ந்த பொண்ணுங்க சிலர் வேலைக்கு வந்திருக்காங்க. வேலையில குறையே சொல்ல முடியாது. ஆனா சனிக்கிழமை கூலி குறைஞ்சா வாயைத் திறந்து கேக்க மாட்டாங்க. பக்கத்துல உக்காந்திருக்கிறவ ஐநூறு கைமாத்து கேட்டா எடுத்துக் கொடுத்துடுவாங்க, திருப்பிக் கேக்கவும் மாட்டாங்க. கொடுத்ததை வாங்கிக்கிட்டுப் பேசாம இருந்தே பழகிட்டாங்க.

அதனால தையலுக்கு முன்னாடி கணக்குக் கேக்கப் பழக்குங்க. இன்னொண்ணு, எங்க தொழில்லயும் தறியிலயும் முன்பணம்னு ஒண்ணு உண்டு. எவ்வளவு நல்ல முதலாளியா இருந்தாலும் முன்பணம் வாங்காதேன்னு சொல்லி வைங்க. முதலாளியான நானே சொல்றேன். வாங்கிட்டா, கடன் தீர்ற வரைக்கும் அந்தப் பட்டறையை விட்டு நகர முடியாது.

மேட்டூர்_வாத்தியார் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நீங்கள் செய்வது புண்ணிய காரியம். இருந்தாலும் நடைமுறை என்று ஒன்று இருக்கிறது. பெண் குழந்தை, பின்னால் ஆள் இல்லை, தனியாக வாழ்வது எளிதா? பிளஸ் டூ முடித்ததும் நல்ல பையனாகப் பார்த்துக் கல்யாணம் செய்து வைப்பதே பாதுகாப்பு. ஆதரவற்ற பெண்களுக்கு அன்னை தெரசா பெயரில் அரசின் திருமண நிதியுதவித் திட்டமும் இருக்கிறது, தாலிக்குத் தங்கமும் கிடைக்கும். என் சர்வீஸில் இப்படி சிலருக்கு நானே முன்னின்று நடத்தி வைத்திருக்கிறேன்.

தட்டுவடை_செட் எழுதியது:

வாத்தியார் ஐயாவுக்கு, கோபப்படாமத்தான் எழுதறேன்.

நான் இல்லத்துல வளர்ந்தவ. எந்த இல்லம்னு வேண்டாம், சேலம் பக்கம்தான். இப்ப லேப் டெக்னீஷியனா இருக்கேன். எங்களுக்கு மூத்த அக்காங்கள்ல பதினெட்டு முடிஞ்ச கையோட கல்யாணம் பண்ணி வெச்சவங்க உண்டு. நல்லா இருக்கிறவங்களும் இருக்காங்க, மறுக்கலை. ஆனா புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டைன்னா மத்த பொண்ணுங்க பையைத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போவாங்க. எங்க அக்காங்களுக்கு "போயேன் பாக்கலாம், யார் இருக்கா உனக்கு"ன்னு பதில் வரும். போக இடம் இல்லாதவளுக்குக் கல்யாணம் பாதுகாப்புன்னு சொல்றது எனக்குப் புரியலைங்க ஐயா. கல்யாணம் வேண்டாம்னு சொல்லலை. முதல்ல சம்பளம், கையில நாலு காசு, திரும்பி வர ஒரு வீடு. அப்புறம் அவளுக்கே தோணும்போது பண்ணிக்கட்டும்.

கன்னங்குறிச்சி அம்மா, ஃப்ரிட்ஜ் திறக்கக் கேக்கறான்னு எழுதினதைப் படிச்சதும் சிரிச்சுட்டேன். நானும் அப்படித்தான். இல்லத்துல எல்லாமே மணி. அடிச்சா எழுந்திரி, அடிச்சா சாப்பிடு, அடிச்சா படி. வெளிய வந்து லேடீஸ் ஹாஸ்டல்ல சேர்ந்தப்போ ஞாயித்துக்கிழமை பெரிய தொல்லை. யாரும் எதுவும் சொல்லாத ஒரு முழு நாளை என்ன பண்றதுன்னு தெரியாம கட்டில்லயே உக்காந்திருப்பேன். சாமான் வாங்கக் கத்துக்கறதுக்கு முன்னாடி, எது வேணும்னு முடிவு பண்ணக் கத்துக்கணும். துணிக்கடைக்குக் கூட்டிட்டுப் போனா நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க. எங்களுக்கு வந்த துணி எல்லாம் நன்கொடைத் துணி. பிடிச்ச கலர் என்னன்னு ஒருத்தர் கேட்டப்போ எனக்குச் சொல்லத் தெரியலை.

யாரும் சொல்லித்தராத சிலது:

ரூம் பார்க்கப் போனா ஹவுஸ் ஓனர் அம்மா கேக்கறது அப்பா என்ன பண்றாரு, சொந்த ஊர் எது, நீங்க என்ன ஆளுங்க. முதல் தடவை நான் முழுக் கதையையும் சொல்லிட்டேன். வீடு கிடைக்கலை. அடுத்த தடவை பொய் சொன்னேன், அந்தப் பொய்யைக் காப்பாத்தறதுலயே பாதி உயிர் போச்சு. எவ்வளவு சொல்லணும்கிறதை அவளோட உக்காந்து ஒத்திகை பாருங்க. "அம்மாவுக்கு உடம்பு முடியாது, நான் கன்னங்குறிச்சியில ஆன்ட்டி வீட்டுல வளர்ந்தேன், இது அவங்க நம்பர்." இது பொய்யும் இல்ல, முழுக் கதையும் இல்ல. அந்த நம்பர்ல நீங்க எடுத்துப் பேசணும், அதுதான் முக்கியம்.

ஆஸ்பத்திரி. பதினெட்டு தாண்டினா நம்ம சம்மதக் கையெழுத்தை நாமளே போடலாம். ஆனா "கூட யார் வந்திருக்கா"ன்னு கேக்காத ஆஸ்பத்திரி கிடையாது. உறவுமுறைன்னு இருக்கிற கட்டத்துல யார் பேரை எழுதறதுன்னு அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

கடைசியா, சொல்லக் கொஞ்சம் கூச்சமா இருக்கு. "சாப்பிட்டியா"ன்னு கேக்கற முதல் ஆம்பளையை நாங்க நம்பிடுவோம். வேலைக்குச் சேர்ந்த புதுசுல எனக்கும் அதுதான் நடந்தது, தப்பிச்சேன். அதனால அவ எங்க இருந்தாலும் தினம் ராத்திரி நீங்க போன் பண்ணி சாப்பிட்டியான்னு கேளுங்க. வீட்டுலயே கேக்க ஆள் இருந்தா, வெளிய எவனாவது கேக்கும்போது அது பெரிசாத் தெரியாது.

கொலுசுக்கடை எழுதியது:

தங்கச்சி, கடைசிப் பத்தியை என் பொண்ணுகிட்ட படிச்சுக் காட்டினேன்.

சூரமங்கலம்_வக்கீல் எழுதியது:

சட்டப் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

18 முடிந்தவர்களுக்கான உதவிக்குப் பிற்காப்பு என்று பெயர். இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 46 இதைச் சொல்கிறது. 2016 மாதிரி விதிகளின்படி 21 வயது வரை, விதிவிலக்காக 23 வரை கொடுக்கலாம். ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்கும் வீடு, பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை, கல்வி உதவி எல்லாம் அந்த விதியில் இருக்கின்றன. குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிற்காப்புக்கு மாதம் 4,000 ரூபாய். வளர்ப்புக் குடும்பத்துக்கு இப்போது கிடைப்பதும் அதே தொகைதான்.

இதில் ஒரு பொத்தல் உண்டு. பிரிவு 46-இன் வாசகம் "குழந்தைகள் பராமரிப்பு நிறுவனத்தை விட்டு வெளியேறும்" பிள்ளையைப் பற்றியது. உங்கள் பெண் 18 முடியும்போது ஒரு வீட்டில் இருப்பாள். "இவள் இல்லத்திலிருந்து வரவில்லையே" என்று யாராவது கோப்பைத் தள்ளிவிட இடம் இருக்கிறது. எனவே 17 ஆனதுமே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எழுத்தில் மனு கொடுங்கள். அவள் இல்லத்தில் இருந்த காலத்தின் சேர்க்கை உத்தரவு, நலக்குழுவின் உத்தரவுகள் ஆகியவற்றின் நகலை இணைத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிடுங்கள். வாய்மொழியாக "பார்த்துக்கலாம்மா" என்றால் நம்பி எழுந்து வராதீர்கள். பணம் கொடுக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருப்பவர்களுக்குத்தான் கிடைக்கிறது.

18-இல் முடிவது நலக்குழுவின் உத்தரவு மட்டுமே. அவள் விரும்பி உங்கள் வீட்டில் தங்குவதை எந்தச் சட்டமும் தடுக்காது. இதை அவளிடம் ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். பல பிள்ளைகள் 18 ஆனால் போலீஸ் வந்து வெளியேற்றும் என்ற அளவுக்குப் பயந்து வைத்திருக்கிறார்கள்.

பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. ஒரு நாள் அவளை அழைத்துப் போய் வாசலைக் காட்டிவிட்டு வாருங்கள். தெரிந்த வாசலுக்குத்தான் அவசரத்தில் கால் போகும். 1098 (குழந்தைகள்), 181 (பெண்கள்), 15100 (சட்ட உதவி) ஆகிய மூன்று உதவி எண்களையும் போனில் ஏற்றி வைத்தால் போதாது, ஒன்றிலாவது அவளே பேசிப் பார்த்திருக்க வேண்டும்.

ஒண்டிக்கடை_காபி எழுதியது:

ஏற்காட்டிலிருந்து எழுதறேன், எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு எழுதற ஆள். கரன்ட் இல்லாததால லேட்.

காகிதம், காகிதம், காகிதம். மலைக்கிராமத்துலருந்து கீழ இல்லங்களுக்குப் போன பிள்ளைங்க விஷயத்துல நான் பார்த்தது இது. டிசியில ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு, பிறப்புச் சான்றிதழ் இருந்தா அதுல ஒரு பேரு. பிறப்பைப் பதிவே பண்ணலைன்னா கோட்டாட்சியர் உத்தரவு வரைக்கும் அலையணும். இதெல்லாம் 18-க்கு முன்னாடி, இல்லத்தோட லெட்டர்பேட் துணை இருக்கிறப்பவே முடிக்கணும். அப்புறம் தனி ஆளாப் போய் நின்னா "அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வா"ம்பாங்க.

சாதிச் சான்று விஷயத்துல அவசரப்படாதீங்க. பத்து வயசுக்குள்ள தாய் தகப்பன் ரெண்டு பேரையும் இழந்து, பார்த்துக்க வேற யாரும் இல்லாம, அரசு இல்லத்துலயோ அங்கீகாரம் பெற்ற இல்லத்துலயோ சேர்ந்த பிள்ளைங்களைத் தமிழ்நாட்டுல பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்ல சேர்த்திருக்காங்க. ஏதும் தெரியாத பிள்ளைக்கு இது பெரிய உதவி. ஆனா எங்க மலையாளி சனங்க (கேரளாக்காரங்க இல்ல, இந்த மலைப் பழங்குடி) பிள்ளைக்கு, அப்பா பேரும் ஊரும் தெரிஞ்சிருந்தும், வேலை சுலபம்னு இந்தச் சான்றை வாங்கிட்டா பழங்குடி உரிமை போச்சு. எஸ்டி சான்று கோட்டாட்சியர் கையெழுத்து, இழுக்கத்தான் செய்யும். இழுத்தாலும் பெரியப்பா சித்தப்பா யாராவது சான்று வெச்சிருக்காங்களான்னு நாகலூர், வாழவந்தின்னு ஊர் ஊராப் போய்த் தேடிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. உங்க பொண்ணுக்கு அம்மா இருக்கிறதால அம்மா வழியிலயே விசாரிங்க.

வேலையைப் பத்தி ஒண்ணு. மே மாசக் கோடை விழா சீசன்ல இங்க ரிசார்ட்டுகளுக்குப் பொண்ணுங்க தேவை. சாப்பாடு, தங்கற இடம் இலவசம்னு கூப்பிடுவாங்க. மில்லுங்களும் அப்படித்தான், மூணு வருஷம் இருந்தா மொத்தமா கல்யாணப் பணம்னு சுமங்கலித் திட்டம் நம்ம மேற்கு மாவட்டங்கள்ல ஓடின கதை எல்லாருக்கும் தெரியும். வேலையும் படுக்கையும் ஒரே முதலாளி கையில இருந்தா, வேலை போன அன்னிக்கே ராத்திரி படுக்க இடம் கிடையாது. வீடு இருக்கிற பொண்ணு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்துடுவா. இவங்க அதுக்குப் பயந்தே எல்லாத்தையும் பொறுத்துப் போவாங்க. தங்கற இடம் தனியா இருக்கட்டும். வேலைக்குப் போற பெண்களுக்கான அரசோட தோழி விடுதி சேலத்துலயே இருக்கு. தனியார் ஹாஸ்டல்னா, பெண்கள் குழந்தைகள் விடுதிகளுக்கான 2014 சட்டப்படி உரிமம் வாங்கினதான்னு கேட்டுப் பார்த்துச் சேருங்க.

கவுன்டர்_நம்பர்_3 எழுதியது:

வங்கி ஊழியர். வங்கி பெயர் கேட்காதீர்கள், வேலை முக்கியம் 🙂

10 வயது தாண்டிய பிள்ளைகள் தாங்களே கையெழுத்திட்டுச் சேமிப்புக் கணக்கை நடத்த வழி உண்டு. இப்போதே தொடங்குங்கள். 18 ஆனதும் புதிய கேஒய்சி (அடையாள, முகவரிச் சான்றுகள்), புதிய மாதிரிக் கையெழுத்து கேட்போம். அதைச் செய்யாமல் விட்டால் சரியாகக் கல்லூரிக் கட்டணம் கட்டும் அன்று கணக்கு முடங்கி நிற்கும்.

இல்லத்துப் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி பார்க்கும் சிக்கல் ஆதாரில் உள்ள மொபைல் எண். அது பழைய வார்டனின் எண்ணாக இருக்கும். வார்டன் வேலையை விட்டுப் போயிருப்பார். ஓடிபி எங்கோ தருமபுரியில் ஒருவருக்குப் போகும். முதல் வேலையாக அதை மாற்றுங்கள். முகவரியும் அப்படித்தான், இல்லத்தின் முகவரியே இருக்கும்.

பிறகு, "உன் அக்கவுன்ட்ல பணம் போடறேன், எடுத்துக் கொடு, கமிஷன் தர்றேன்" என்று காலேஜ் வாசலிலேயே வருகிறார்கள். மோசடிப் பணம் அது. கணக்கு முடங்கும், வழக்கு அந்தப் பெண்ணின் பெயரில் வரும். பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் சிநேகிதிக்குக்கூடக் கொடுக்கக் கூடாது. ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு (சைபர் மோசடி உதவி எண்) அழைக்க வேண்டும்.

உயர்கல்வி படிக்கும் பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் வர ஆதார் இணைந்த கணக்கு வேண்டும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றும் வேண்டும். அவள் நடுவில் பள்ளி மாறியிருந்தால் இப்போதே சேகரியுங்கள்.

மேட்டூர்_வாத்தியார் எழுதியது:

தங்கச்சி தட்டுவடை எழுதியதைப் படித்தேன். "திரும்பி வர ஒரு வீடு" என்பதை ஏற்கிறேன். நான் நடத்தி வைத்த கல்யாணங்களில் அந்த வீடாக நாங்கள் இருந்தோம் என்று சொல்ல வந்தேன், சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆனால் வயதுப் பெண் தனியாக ரூம் எடுப்பது பற்றி என் கருத்தில் மாற்றமில்லை.

சரி, எனக்குத் தெரிந்த துறையைச் சொல்கிறேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. அதில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கிறது. அதற்கு மதிப்பெண் இல்லாவிட்டால் கோரிமேட்டில் அரசு மகளிர் கலைக்கல்லூரி இருக்கிறது, வீட்டிலிருந்தே டவுன் பஸ்ஸில் காசில்லாமல் போய் வரலாம். ஐடிஐயைக் கேவலமாக நினைக்காதீர்கள், கையில் தொழில் சீக்கிரம் வரும்.

தட்டுவடை_செட் எழுதியது:

ஐயா, ரூம் விஷயத்துல நாம ஒத்துப்போக மாட்டோம், பரவாயில்லை 🙂 ஐடிஐ பத்திச் சொன்னதுக்கு நன்றி.

கன்னங்குறிச்சி_அம்மா எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

வீட்டுச் சாவி ஒண்ணு அவகிட்டயே கொடுத்துட்டோம். வாரக் காய்கறிப் பணத்தையும் அவ கையில கொடுத்துட்டோம். முதல் வாரம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் தக்காளி மலிவுன்னு பை நிறைய வாங்கிட்டு வந்துட்டா, வெங்காயத்துக்குக் காசு இல்ல. வீட்டுக்காரர் வெங்காயம் இல்லாம சாப்பிட மாட்டார். அந்த வாரம் சாப்பிட்டார். நான் வாயைத் திறக்கலை, கஷ்டமாத்தான் இருந்துச்சு. இப்ப சின்ன நோட்டுல விலை எழுதறா, எந்தக் கடைக்காரர் எடையில குறைக்கிறார்னு எனக்கே சொல்லித் தர்றா.

குழந்தைகள் பாதுகாப்பு அலகுல மனு கொடுத்து முத்திரை வாங்கியாச்சு, வக்கீல் சார். அங்க இருந்த மேடம் நல்லாப் பேசினாங்க. அந்தப் படிவத்தைத் திருத்தற சமயத்துல "தனித்து வாழும் திறன்" இடத்துல என்ன எழுதலாம்னு அவளையே கேக்கச் சொன்னேன். கேஸ் ரெகுலேட்டர் மாட்டறது, ஏடிஎம், வண்டி ஓட்டறது, "வேண்டாம்னு சொல்றது"ன்னு நாலு சொன்னா. நாலாவதை எழுதும்போது மேடம் நிமிர்ந்து அவளைப் பார்த்தாங்க.

இப்ப வீட்டுல ஒரே சண்டை போன் பத்தி. அவளுக்குத் தனி போன் வேணும். வீட்டுக்காரர் பிளஸ் டூ முடியட்டும்ங்கறார். என்ன பண்றது?

கொலுசுக்கடை எழுதியது:

என் பொண்ணுக்கு நான் கொடுக்கலைக்கா. பப்ளிக் எக்ஸாம் முடியட்டும்.

தட்டுவடை_செட் எழுதியது:

அண்ணா, உங்க பொண்ணுக்கு 18 ஆனாலும் நீங்க இருக்கீங்க, மெதுவாக் கத்துக்கலாம். எங்களுக்கு போன் கையில வந்ததும் வீடு கைவிட்டதும் ஒரே சமயத்துல. ஃபேஸ்புக்ல யாரு, வாட்ஸ்அப்ல யாருன்னு எதுவும் தெரியாம நேரா உள்ள விழுந்தோம். பக்கத்துல ஆன்ட்டி இருக்கிற இந்த ரெண்டு வருஷத்துலயே அவ தப்பு நம்பர், லோன் ஆப், போலி வேலை விளம்பரம் எல்லாத்தையும் பார்த்துடட்டும். ராத்திரி போன் ஹால்லதான் சார்ஜ் ஏறணும்னு ஒரு விதி வெச்சுக்கோங்க, ஆனா அந்த விதி அங்கிளுக்கும் சேர்த்து.

கவுன்டர்_நம்பர்_3 எழுதியது:

போன் எப்போது வாங்கினாலும் சிம் யார் பெயரில் என்பதை மறக்காதீர்கள். இப்போதைக்கு உங்கள் பெயரில் இருந்தால், 18 ஆனதும் அவள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். பெயர் மாறினாலும் எண் அதுவே இருக்கட்டும், அதைத்தான் ஆதாரில் சேர்த்திருப்பீர்கள்.

கன்னங்குறிச்சி_அம்மா எழுதியது:

அங்கிளுக்கும் சேர்த்துங்கறதை அவர்கிட்ட படிச்சுக் காட்டினேன், பதில் வரலை 😀 திங்கட்கிழமை ஆதார் மையத்துக்குப் போறோம். புது நம்பரோட, அவ கைரேகையும் 15 வயசுல புதுப்பிக்கவே இல்லைன்னு இப்பதான் தெரியுது. ரெண்டையும் ஒரே நாள்ல பண்ணிடலாமா?

கவுன்டர்_நம்பர்_3 எழுதியது:

பண்ணலாம். ஒரே விண்ணப்பத்தில் இரண்டையும் குறிப்பிடுங்கள். டோக்கன் காலையிலேயே தீர்ந்துவிடும், சீக்கிரம் போங்கள். நீங்கள் பெஞ்சில் உட்காருங்கள், வரிசையில் அவள் நிற்கட்டும்.